போறணையில் வெந்த நத்தார் ஓட்ஸ்

அந்த வருஷ மழையில் தேயிலைத் தோட்டத்தில் நாங்கள் வரிசை வீடுகளில் குடியிருந்த லயத்துக்குப் பின்னாலிருந்த மலை சற்று இறங்கிவிட்டது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் சுவர்கள் எல்லாம் வெடித்துப்போனதால், இனி அங்கே இருக்கக்கூடாது என்று சொல்லி எங்களை மாதா கோயில் மண்டபத்துக்கு அனுப்பினார்கள். மாதா கோயிலுக்குப் போகிற குடும்பங்கள், மாரியம்மனைக் கும்பிடுகிற குடும்பங்கள், எல்லோரும் ஒரே கூரையின் கீழ் பாய் விரித்துப் படுத்தோம்.

நான் எல்ல நகரில் ஒரு சுற்றுலா விடுதியின் சமையலறையில் வேலை செய்பவள். தெமோதரைக்கு மேலே இருக்கும் எங்கள் தோட்டத்திலிருந்து பஸ்ஸில் போய்வருவேன். பாதை உடைந்து ரயிலும் நின்றுபோனதால் விடுதியைப் பூட்டிவிட்டார்கள். மண்டபத்தில் எல்லோருக்கும் சமைக்கும் வேலை தானாகவே என் கைக்கு வந்தது.

நிவாரண லொறிகள் பாதை உடைந்த இடம் வரைக்கும் வரும். அங்கிருந்து நம் ஆட்கள் தலையில் சுமந்து கொண்டுவருவார்கள். அரிசி, பருப்பு, தேங்காய், பால்மா எல்லாம் வந்த வேகத்தில் முடிந்துவிடும். ஓட்ஸ் பைக்கற்றுகள் மட்டும் மூலையில் குவிந்துகொண்டே போயின. கஞ்சி காய்ச்சிக் கொடுத்துப் பார்த்தேன். பிள்ளைகள் கோப்பையைத் தள்ளிவிட்டார்கள்.

"மாட்டுக்கு வைக்கிற தவிடு மாதிரில்ல இருக்கு. கொழகொழன்னு தொண்டையில எறங்க மாட்டேங்குது" என்றார் பக்கத்துக் காம்பராவில் குடியிருந்த அக்கா. கொழுந்து பறிக்கிறவர். லயத்தில் அவர் குரல்தான் பெரிது.

நத்தார்ப் பண்டிகை நெருங்கியது. கேக்குக்கு வழியில்லை. பாணே வரவில்லை. கீழே கடைவீதியிலிருந்த பேக்கரியும் கோதுமை மா இல்லாமல் மூடிக்கிடந்தது. அதைக் கடந்து போகும்போதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. விடுதியில் டிசம்பர் விடுமுறைக்கு வருகிற வெள்ளைக்காரர்கள் காலைச் சாப்பாட்டுக்கு ஓட்ஸைக் கேக் மாதிரி சுட்டுத்தரச் சொல்வார்கள். கறுவா, ஏலக்காய், கராம்பு போட்டு எத்தனையோ தட்டு சுட்டிருக்கிறேன். எங்கள் வீட்டுக்கென்று ஒரு தரமும் செய்ததில்லை. லயத்துக் காம்பராவில் கேக் சுடுகிற போறணைக்கு எங்கே போவது?

பேக்கரிக்காரரான முஸ்லிம் அண்ணனை எல்லோரும் நானா என்போம். அவரிடம் போய்க் கேட்டேன்.

"நானா, கிறிஸ்மஸ் அன்னைக்குக் காலையில ஒங்க போறணைய எங்களுக்குத் தாறீங்களா?"

"மா இல்லாம என்னத்த தங்கச்சி சுடப் போறீங்க?"

"ஓட்ஸ்."

அவர் சிரிக்கவில்லை. தாடியைத் தடவிக்கொண்டு யோசித்தார். "போறணை ஆறிக் கெடக்கு. அத எரிச்சுச் சூடாக்கவே ரெண்டு நாளாகும். வெறகு கொண்டாந்தீங்கன்னா நானே நின்னு எரிக்கிறேன்."

விறகுக்கா பஞ்சம்? மழையில் சாய்ந்த மரங்கள் வழியெல்லாம் கிடந்தன. ஆண்கள் வெட்டி இறக்கினார்கள். மற்ற சாமான்களும் ஒவ்வொன்றாக வந்து சேர்ந்தன. வெடித்த வீட்டுக்குள் நுழைந்து ஒருத்தி தன் கராம்புப் போத்தலை எடுத்துவந்தாள். ஆற்றுக்கு அந்தப் பக்கத்துச் சிங்களக் கிராமத்திலிருந்து இனிப்புக்குக் கித்துள் பாணி வந்தது. குலை தள்ளிய நிலையில் விழுந்துகிடந்த வாழைகளிலிருந்து பழம் கிடைத்தது. கறுவாவை அக்கா உரலில் போட்டு இடித்தார். இடிக்க இடிக்க, பல நாளாக ஈரத் துணி வாசமே அடித்துக்கொண்டிருந்த அந்த மண்டபம் வேறு இடம் போல ஆனது. படுத்திருந்தவர்கள்கூட எழுந்து வந்து பார்த்தார்கள்.

பழத்தைப் பிசைந்து, தேங்காய்ப்பாலும் பால்மாவும் பாணியும் உப்பும் சேர்த்து, ஓட்ஸைக் கொட்டி ஊறவைத்தேன். அளவுகளை விடுதியில் கிராம் கணக்கில் பழகியிருந்தேன். இங்கே வாளிக் கணக்கு. கையால் அள்ளிப் பார்த்துத்தான் பதம் சொல்லவேண்டியிருந்தது.

நத்தார் விடியற்காலையில் முதல் தட்டு கருகிப்போனது. விடுதியில் நான் பொத்தானைத் திருப்பிச் சூட்டைக் குறைப்பவள். விறகுப் போறணையின் கோபம் எனக்குத் தெரியாது. மேல்பக்கம் கரி, உள்ளே வேகாத கூழ். எனக்கு அழுகை வந்துவிட்டது.

"பதறாதீங்க" என்றார் நானா. தணலை வெளியே இழுத்துவிட்டு, ஈரச் சாக்கால் உள்ளே துடைத்தார். நான் வெளியே ஓடி வாழை இலை வெட்டிவந்து அடுத்த தட்டுகளை மூடினேன். இரண்டு பேரும் போறணை வாயில் நின்று மாறி மாறி எட்டிப் பார்த்தோம். இலையை நீக்கியபோது ஓட்ஸ் பொன்னிறமாக எழும்பி நின்றது. ஓரங்களில் பாணி கொதித்து மினுங்கியது. நானா ஒரு விள்ளல் எடுத்து வாயில் போட்டார். உடனே இன்னொரு விள்ளல் எடுத்தார். எனக்கு அது போதுமாக இருந்தது.

கொழுந்து பறிக்கும்போது இடுப்பில் கட்டுகிற படங்குகளால் தட்டுகளைச் சுற்றி, பெண்கள் தலையில் வைத்து மேலே ஏறினோம். பூசை முடிந்து எல்லோரும் காத்திருந்தார்கள். நான் வெட்டத் தொடங்கியபோது அக்கா என் கையைப் பிடித்தார்.

"இரு. மொதல்ல அவங்களக் கூப்பிடணும்."

பாதையில் மண் அள்ளிக்கொண்டிருந்த பெக்கோ இயந்திரக்காரர்களைத்தான் சொன்னார். மொனராகலைப் பக்கத்துப் பையன்கள். பண்டிகையென்று பாராமல் அன்றைக்கும் வேலைக்கு வந்திருந்தார்கள்.

"இத்தன நாளா ஊரெல்லாம் குடுத்தத வாங்கித் தின்னோம். இன்னைக்கு நம்ம வீட்டுக் கிறிஸ்மஸ். நாம குடுப்போம்" என்றார் அக்கா.

யாரும் மறுக்கவில்லை. அக்காவே பாதைக்கு இறங்கிப்போய், தனக்குத் தெரிந்த சிங்களத்தில் சத்தம் போட்டு அவர்களை அழைத்துவந்தார். சேற்றுக் காலோடு உள்ளே வரத் தயங்கினார்கள். அக்கா விடவில்லை. மண்டபத்திலிருந்த சில கதிரைகளில் அவர்களை உட்காரவைத்து, சூடான துண்டுகளும் இஞ்சி போட்ட பிளேன்டீயும் கொடுத்தோம். பெக்கோ ஓட்டுகிற பையன் இரண்டாம் துண்டுக்குத் தட்டை நீட்டினான்.

"கேக்கா?" என்று தமிழில் கேட்டான்.

"ஓட்ஸ். எங்க லயத்துப் புள்ளதான் செஞ்சிச்சு" என்று என் தோளில் தட்டினார் அக்கா. விடுதியில் எத்தனையோ விருந்தாளிகள் நல்லாயிருக்கு என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். அதெல்லாம் சமையலறைக் கதவு வரை வந்து நின்றுவிடும். எல்லோர் முன்னாலும் என்னைக் காட்டி ஒருவர் சொன்னது அன்றைக்குத்தான். என் முகம் சூடானது. தலையைக் குனியத் தோன்றவில்லை, நிமிர்ந்தே நின்றேன்.

பிள்ளைகள் தட்டைச் சுரண்டித் தின்றார்கள். மூலையிலிருந்த பைக்கற்றுகள் புது வருஷத்துக்கு முன்பே தீர்ந்துபோயின.

பாதை திறந்தது. விடுதியும் திறந்தது. சில குடும்பங்களுக்குப் புது வீடு கிடைத்தது, எங்களுக்கு இன்னும் இல்லை. வேலைக்குப் போகிறவர்கள் பிள்ளைகளை விட்டுப்போகிற தோட்டத்தின் பழைய பிள்ளைக் காம்பராவை அறைகளாகத் தடுத்துத்தான் இருக்கிறோம். ஆனால் டிசம்பர் வந்தால் நானா பாண் வேலையை முடித்துவிட்டு எங்களுக்கென்று போறணையைச் சூட்டோடு விட்டுவைக்கிறார். பக்கத்துத் தோட்ட டிவிஷன்களிலிருந்தும் ஆட்கள் தட்டோடு வருகிறார்கள். ஓட்ஸைக் கடையில் காசு கொடுத்து வாங்குகிறோம்.

போன நத்தாருக்கு அக்கா என்னை அடுப்படிப் பக்கமே விடவில்லை. தானே பிசைந்தார், பலாக்கொட்டையை அவித்து மசித்து அதில் கலந்தார். விடுதியில் அப்படிச் செய்தால் என்னை வேலையை விட்டே அனுப்பியிருப்பார்கள். தின்று பார்த்தேன். என்னுடையதைவிட நன்றாக இருந்தது. அதை அவரிடமே சொன்னேன்.

"பின்ன?" என்றார் அக்கா, இடுப்பில் கைவைத்துக்கொண்டு.