தாய் நாயைப் பார்க்கப் போன கதை

இன்று சான்பாடாவில் ஒருவர் வீட்டுக்குப் போனேன். மால்டீஸ், பூடில் என்ற இரண்டு ஜாதி நாய்களைக் கலந்து குட்டி போட வைத்து விற்கிறவர்.

"தாய் நாயைப் பார்க்காம, டாக்டர் ரிப்போர்ட் கேக்காம குட்டியைத் தொடாதீங்க" என்று மனைவி சொல்லி அனுப்பியிருந்தாள். போலீஸ் முகத்தோடுதான் உட்கார்ந்தேன்.

"சாருக்கு ஊர்ல எந்தப் பக்கம்?" என்றார் அவர்.

"அம்பாசமுத்திரம்."

"அரே, நமக்குக் கல்லிடைக்குறிச்சில்லா! ஆத்தைத் தாண்டினா உங்க ஊரு!"

அவ்வளவுதான். காபி வந்தது. அவருடைய அம்மா வந்து என் தாத்தா பெயரை விசாரித்தார். காலில் விழுந்து ஆசி வாங்கிக்கொண்டு, குட்டியோடு செம்பூர் திரும்பினேன்.

"தாய் நாய் எப்படி இருந்துது?" என்றாள் மனைவி.

"அவரோட அம்மா நல்லா இருக்காங்க" என்றேன்.

அதிலிருந்து அவள் குட்டியோடு மட்டும்தான் பேசுகிறாள்.

விற்றவர் பொறுப்பான மனிதர் என்று இப்போதும் சத்தியம் செய்வேன். நாய்க்கு எந்த ஊர் என்று மட்டும் யாரும் கேட்காதீர்கள்.