இரைச்சல் இருக்கட்டும்

பெரியவளே, சின்னவனே, புறா வராமல் இருக்க நம் பால்கனிக் கம்பியில் ஒரு பழைய சிடி தொங்குகிறதே, அதைக் கழற்றிப் போட்டுவிடலாமா என்று போன வாரம் கேட்டீர்கள். வேண்டாம் என்றேன். ஏன் என்றதற்கு டீ ஆறுகிறது என்று பேச்சை மாற்றிவிட்டேன். வாயால் சொன்னால் வளவளவென்று போகும். அதனால் எழுதுகிறேன்.

ரிச்சர்ட்ஸ் டவுனில் நாம் மாடி அறையில் வாடகைக்கு இருந்தோம். பெரியவளுக்கு அப்போது மூன்று வயது, சின்னவன் பிறக்கவில்லை. கீழ்வீட்டில் ஓனரம்மா தனியாக இருந்தார். அவர் கணவர், நாங்கள் ஐயா என்று கூப்பிட்டவர், சர்ச் பாடகர் குழுவில் நாற்பது வருடம் பாடியவர். ஐயா இறந்து ஒரு வருடம் ஆகப்போன சமயம் அது. வீட்டு ஹாலில் அவர் பாடிப் பதிவு செய்த கேசட் ஒன்றே ஒன்றுதான் மிச்சம். டேப் சிக்கி அறுந்துவிடுமோ என்ற பயத்தில் அதைப் போட்டுக் கேட்பதையே ஓனரம்மா நிறுத்தியிருந்தார். ஞாயிற்றுக்கிழமை நினைவு ஜெபத்துக்குச் சொந்தங்கள் கே.ஜி.எஃபிலிருந்து வருகிறார்கள், அன்றைக்கு அந்தக் குரல் வீட்டில் கேட்க வேண்டும் என்று ஆசைப்பட்டார். நான் செய்து தருகிறேன் என்று முந்திக்கொண்டு சொன்னவன் நான்தான்.

அப்போது நான் கம்ப்யூட்டர் கம்பெனி ஆட்களை ஏற்றி இறக்கும் வேன் ஓட்டிக்கொண்டிருந்தேன். அந்த ஆபீஸில் கழித்துவிட்ட பழைய கம்ப்யூட்டர் ஒன்று என் கைக்கு வந்திருந்தது. ஒரே சிடியில் இருநூறு பாட்டை நசுக்கி அடைப்பதில் டிரைவர்கள் மத்தியில் எனக்கு நல்ல பெயர். ஐயாவின் பாட்டையும் அப்படியே செய்தேன். போதாக்குறைக்கு, கேசட்டில் இருந்த உஸ்ஸென்ற இரைச்சலை ஒரு சாஃப்ட்வேரில் போட்டுத் துடைத்தெடுத்தேன். வேனில் போட்டுப் பார்த்தேன். ஓசூர் ரோடு டிராஃபிக்கில், இன்ஜின் ஓட ஓட, பிரமாதமாக இருந்தது.

ஓனரம்மாவின் ஹாலில் இன்ஜின் சத்தம் இல்லை. ஐயா தண்ணீர்த் தொட்டிக்குள் இருந்து பாடுவதுபோல் கேட்டது. அம்மா முழுப் பாட்டையும் பொறுமையாகக் கேட்டார்.

"பாட்டு இருக்கு தம்பி, மனுஷன் இல்லப்பா," என்றார். "ஒவ்வொரு வரிக்கு முன்னாடியும் மூச்சு இழுப்பாரு, சைக்கிள் பம்பு மாதிரி. அது எங்க போச்சு?"

இரைச்சலோடு சேர்த்து மூச்சையும் துடைத்துவிட்டிருக்கிறேன். அறுபத்துநான்கு என்ற தர அளவில் நசுக்கிய அதே பாட்டை முந்நூற்றிருபதுக்கு மாற்றினேன். பெரிய எண் என்றால் நல்ல சத்தம் என்று நினைப்பு. டிஸ்கில் ஐந்து மடங்கு இடம் பிடித்தது, தண்ணீர்த் தொட்டிச் சத்தம் அப்படியே இருந்தது. மறுநாள் வேனில் முன்சீட்டில் உட்கார்ந்து வரும் கம்பெனி ஆள், ஒரு மதுரைத் தம்பியிடம் கேட்டேன். அவன் சிரிக்கவில்லை. "சாம்பார்ல தண்ணிய ஊத்திட்டீங்கண்ணே. பெரிய பாத்திரத்துக்கு மாத்துனா கெட்டியாயிருமா?" என்றான். திரும்பவும் கேசட்டிலிருந்துதான் எடுக்க வேண்டும், டேப் ரெக்கார்டர் ஹெட்டை ஸ்பிரிட் தொட்ட பஞ்சால் துடைக்க வேண்டும், சத்தத்தின் அளவு சிவப்புக் கோட்டைத் தொடக்கூடாது, முதலில் நசுக்காமல் முழுசாகச் சேமித்துக்கொள்ள வேண்டும் என்று இறங்கும்வரை சொன்னான். கடைசியாக, "இரைச்சல் இருந்தா இருந்துட்டுப் போகட்டும்ணே," என்றான்.

ஓனரம்மாவிடம் திரும்பக் கேசட்டைத் தரச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமைக்கு இன்னும் இரண்டே நாள். ஆனாலும் அவரிடம் விஷயத்தைச் சொல்லி, செய்த தப்பையும் ஒளிக்காமல் சொன்னேன். அறுந்துவிட்டால் என்ன செய்வாய் என்று கேட்டார். உள்ளே போனவர் கேசட்டைக் கைக்குட்டையில் சுற்றி எடுத்து வந்தார்.

"மெஷினை இங்க கொண்டா. அறுந்தா என் கண்ணு முன்னாடி அறுந்து போகட்டும்."

கம்ப்யூட்டரை மாடிப்படியில் இரண்டு நடையாக இறக்கினேன். ஒயர் வழியாகத்தான் பதிவாகிறது, அறையின் சத்தம் உள்ளே போகாது என்று தெரிந்தும் ஃபேனை நிறுத்தினேன். அம்மாவும் இருமலை முந்தானையில் அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நடுவில் ஓர் இடத்தில் டேப் இழுத்தது, குரல் கனத்து மறுபடி நேரானது. இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. கடைசிவரை ஓடியது.

பதிவானதைப் போட்டேன். முதலில் உஸ்ஸென்ற இரைச்சல். பிறகு ஒரு மூச்சு, அம்மா சொன்ன அதே பம்பு. அதற்குப் பின்னால்தான் பாட்டு. அம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். "பாரு, பம்பு அடிக்கிறாரு பாரு," என்றார். கண்ணைத் துடைத்தது அதற்கு அப்புறம். ஞாயிறன்று ஒவ்வொரு மூச்சுக்கும் கே.ஜி.எஃப் சொந்தங்களும் சிரித்தார்கள். ஜெப வீட்டில் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை.

இப்போது நீங்கள் போனில் அனுப்பும் பாட்டெல்லாம் இரைச்சலே இல்லாமல் வருகிறது. சந்தோஷம்தான். ஆனாலும் பாடுகிறவர் மூச்சு விடுகிறாரா என்று ஒரு தடவை காது கொடுத்துப் பாருங்கள்.

அன்றைக்கு ஜெபம் முடிந்து மாடிக்கு வந்தேன். பெரியவளும் உங்கள் அம்மாவும் இன்னும் கீழேதான் இருந்தார்கள். நான் நசுக்கிச் செய்த முதல் சிடியின் ஓட்டையில் நூல் கோத்து ஜன்னல் கம்பியில் கட்டினேன்; வீடு மாறியபோது கூடவே வந்து இன்று நம் பால்கனியில் தொங்குவது அதுதான். பிறகு ஜன்னலைச் சாத்தி, ஃபேனை நிறுத்திவிட்டு, ஐயாவின் பாட்டை எனக்காக ஒருமுறை போட்டு, முதல் மூச்சு வரும்வரை கேட்டேன்.