வேல் தெரிந்த டயர்

கோவில் வாசலில் எலுமிச்சம்பழத்தை நசுக்கிய டயர் வெடிக்காது. இதைத்தான் நான் நம்பினேன். சின்னப் பையனாக இருந்தபோது நம்பியிருந்தால் மன்னிக்கலாம். நான் நம்பியது போன வருடம், ஐம்பது வயதைத் தாண்டி, வாசிக்கக் கண்ணாடி வாங்கி, கிள்ளானில் நாலு பேருக்கு வண்டி வாங்க ஆலோசனை சொல்கிற பெரிய மனிதனாக நடமாடிக்கொண்டிருந்த சமயத்தில்.

நம் வெள்ளிக்கிழமை பஜனைக் கூட்டத்தில் அனுபவம் சொல்ல வருகிறவர்கள் முதலில் தங்கள் துன்பத்தைச் சொல்வார்கள். என் துன்பத்துக்குக் காரணம் என் மூளை. அதனால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

செந்தூலில் இருக்கும் என் அக்கா ஒரு வருடம் முழுக்கப் புற்றுநோய்க்கு வைத்தியம் பார்த்து முடித்திருந்தாள். முடி இப்போதுதான் முளைக்க ஆரம்பித்திருந்தது. என்ன வேண்டும் என்று கேட்டேன். "கேமரன் மலைக்குக் கூட்டிட்டுப் போடா தம்பி. ஃபேன் போடாம ஒரு நாள் தூங்கணும். குளுருல உக்காந்து ஒரு டீ குடிக்கணும். அவ்ளோதான்" என்றாள்.

மருந்தின் உபயத்தில் அவளுக்கு அடிக்கடி டாய்லெட் போக வேண்டும், நினைத்த நேரத்தில் படுக்க வேண்டும். ஹோட்டல் சரிவராது, ஹைவே டாய்லெட் அதைவிடச் சரிவராது. அதனால் கட்டிலும் டாய்லெட்டும் உள்ளேயே இருக்கிற ஒரு பழைய கெரவானை வாங்கினேன். பிக்கப்புக்குப் பின்னால் மாட்டி இழுத்துப் போகிற வகை. அடுத்த வாரம் அக்காவுக்கு ஸ்கேன். அது என்ன சொல்லுமோ என்கிற பயம் எங்கள் எல்லாருக்கும் இருந்தது. வாய்விட்டுச் சொல்லவில்லை. ஸ்கேனுக்கு முன்னால் அந்த டீயைக் குடிக்க வைத்துவிட வேண்டும். எனக்கு அது ஒன்றுதான் குறி.

கெரவானை விற்றவர், "அங்கிள், டயர பாருங்க, பூவெல்லாம் அப்படியே இருக்கு" என்றார். டயரின் மேலுள்ள வெட்டுக் கோடுகளை இங்கே மலேசியாவில் பூ என்றுதான் சொல்வோம். விரலை விட்டுப் பார்த்தேன். ஆழம். டாக்டர் மாதிரித் தலையாட்டினேன். பக்கவாட்டில் பாலிஷ் போட்டு மினுக்கியிருந்தார்கள். அதையும் புதுசுக்கு அடையாளமாக எடுத்துக்கொண்டேன். நான் தலைக்குச் சாயம் அடிக்கிற ஆள். எனக்காவது சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

புறப்படுவதற்கு முந்தின நாள் சாயங்காலம் கோவிலில் வண்டி பூஜை. டயரையெல்லாம் கழுவி, ஐயர் ஒவ்வொன்றிலும் அளவாகச் சந்தனம் வைத்துப் பொட்டு வைத்தார். எனக்குப் போதவில்லை. "சாமி, மலை ரோடு, தாராளமா போடுங்க" என்றேன். அவர் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுக் கிண்ணத்தையே கொடுத்துவிட்டார். கெரவானின் இரண்டு டயருக்கும் பக்கவாட்டில், கல்யாண மாப்பிள்ளைக்கு நலங்கு வைப்பதுபோல, கை நிறைய அள்ளித் தேய்த்தேன். பிறகு கும்பிட்டேன். "முருகா, அக்காவ பத்திரமா மேல ஏத்தி எறக்கிக் கொண்டாந்து விட்டுடு. ஏதாச்சும் குறை இருந்தா காட்டிடு."

அந்தக் கடைசி வார்த்தை நாம் எல்லாரும் வழக்கமாகச் சொல்வது. "சாப்டாச்சா" என்று கேட்பதுபோல. பதிலை எதிர்பார்த்துச் சொல்வதில்லை. எலுமிச்சம்பழம் நசுங்கியது. தேங்காய் உடைந்தது. இனி இந்த டயரை எமனே வந்தாலும் அசைக்க முடியாது என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். இரவு நல்ல மழை.

காலையில் பார்த்தால் இடது டயரில் வேல்.

சத்தியமாக. கறுப்பு ரப்பரில் மெல்லிய மஞ்சள் கோடு. கீழே நீளமாக ஒரு தண்டு, மேலே இலை மாதிரி விரிந்து ஒரு நுனி. எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. உடனே அக்காவுக்குப் போன் போட்டேன். "அக்கா, டயர்ல வேல் வந்திருக்கு. நீ ஒண்ணுக்கும் பயப்படாத." அவள் அழுதேவிட்டாள். பக்கத்து வீட்டு மணியம் அங்கிள் சட்டைகூடப் போடாமல் ஓடி வந்தார். "ஒங்க அக்கா மனசு லா தம்பி, அதான் முருகன் எறங்கி வந்திருக்கான்" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். தட்டில் கற்பூரம் ஏற்றினார். நான் வாங்கி டயருக்குச் சுற்றிக் காட்டினேன். சாதாரணமாகக் காட்டவில்லை, பாடிக்கொண்டே காட்டினேன். தெருவில் போன இரண்டு பேர் மோட்டார் சைக்கிளை நிறுத்திக் கும்பிட்டார்கள்.

அப்போதுதான் என் மனைவி செல்வி வெளியே வந்தாள். பண்டமாரானில் ஒரு லோரி கம்பெனியில், எந்த லோரிக்கு எப்போது டயர் மாற்ற வேண்டும் என்று பார்க்கிற வேலை அவளுக்கு. இத்தனை வருடமாக அவளிடம் டயரைப் பற்றி நான் ஒரு வார்த்தை கேட்டதில்லை. நான்தான் ஆலோசனை சொல்கிறவனாயிற்றே.

"தட்ட அந்தப் பக்கம் எடுங்க அங்கிள். ரப்பர் பக்கத்துல கற்பூரம், உள்ள சமையல் கேஸ் தோங் இருக்கு" என்றாள். பிறகு குனிந்து பார்த்தாள். "இது வேல் இல்ல."

"ஒனக்கு நம்பிக்கை இல்ல."

"வெடிப்பு. நீங்க அப்புன சந்தனம் உள்ள போய் நின்னிருக்கு. மேல இருந்தத மழ கழுவிடுச்சு. கட்டவெரல வச்சு அமுக்கிப் பாருங்க."

அமுக்கினேன். வேல் வாயைத் திறந்தது.

"பூவெல்லாம் நல்லா இருக்கே" என்றேன். குரல் எனக்கே பிடிக்கவில்லை.

"லோரி டயர் ஓடித் தேயும். கெரவான் டயர் வெயில்ல நின்னே கெட்டுப்போவும். ஒக்காந்த எடத்துலயே வயசாவும், ஒங்கள மாதிரி." டயரின் பக்கவாட்டில் ஒரு சின்னக் கட்டத்துக்குள் நாலு எண்களைத் துடைத்துக் காட்டினாள். முதல் இரண்டும் செய்த வாரம், பின் இரண்டும் செய்த வருடம். "நம்ம பெரியவன் மொத நாள் ஸ்கூல் வாசல்ல அழுதான்ல, அந்த வருஷம்."

பெரியவன் இப்போது தாடி வைத்துக்கொண்டு வேலைக்குப் போகிறான். மற்ற டயரும், அவசரத்துக்கு மாட்டியிருந்த உதிரி டயரும் அதே வயது.

மணியம் அங்கிள் விட்டுக்கொடுக்கவில்லை. "வெடிப்புதான். ஆனா வேல் மாதிரி வெடிச்சிருக்குல்ல" என்றார்.

நான் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். மலை ரோட்டு வளைவு ஒவ்வொன்றும் கண் முன்னால் வந்தது. கெரவான் டயர் வெடித்தால் அது ஒரு பக்கம் சாயும், சாயும்போது முன்னால் போகிற பிக்கப்பையும் இழுத்துக்கொண்டு போகும். பிக்கப்பில் அக்கா. ஒரு வருடம் ஊசி குத்திக் குத்திப் பிழைத்தவளை நான் ஒரு டீக்காகப் பள்ளத்தில் தள்ளியிருப்பேன். பயத்தில் வாய் நிற்கவில்லை. மொட்டை போடுகிறேன், காவடி எடுக்கிறேன், ஆட்டுக்கறியை விடுகிறேன் என்று வரிசையாக வேண்டினேன். முருகன் உதவி செய்து முடித்துவிட்ட வேலைக்கு நான் புதிதாக லஞ்சம் பேசிக்கொண்டிருந்தேன்.

அக்காவுக்குத் திரும்பவும் போன் செய்தேன். "ஏன்டா, இப்பதான் வேல் வந்திருக்குன்ன. அதுக்குள்ள டயர் செத்துப்போச்சுங்கற. முருகன் நாஸ்தா சாப்பிடறதுக்குள்ள மனசு மாத்திக்கிட்டாரா?" என்றாள்.

அன்றே கெரவானை ஊர்ந்து ஊர்ந்து இழுத்துக்கொண்டு டயர் கடைக்குப் போனோம். கடைக்காரர் அளவைப் பார்த்துவிட்டு, "கார் டயர் இதே சைஸ் இருக்கு பாஸ், இப்பவே மாட்டிடலாம். கெரவான் டயர் வேணும்னா சொல்லித்தான் வர வைக்கணும், லேட்டாவும்" என்றார். எனக்கு உயிர் வந்தது. இப்போதே மாட்டினால் நாளைக்கே மலை. ஸ்கேனுக்கு முன்னால் டீ.

செல்வி மட்டும் அசையவில்லை. வரும் வழியில் அவள் கம்பெனியில் லோரி நிறுக்கிற தராசில் கெரவானை ஏற்றிப் பார்த்துவிட்டுத்தான் வந்திருந்தோம். நான் ஏற்றியிருந்த சாமான்கள் அப்படி. அரிசி மூட்டை, கிரைண்டர், குத்துவிளக்கு, வழியத் தண்ணீர் நிரப்பிய டாங்கி. சன்னியாசியைப் போலப் போய் இரண்டு நாள் இருந்துவிட்டு வரலாம் என்று அக்காவிடம் சொல்லியிருந்தேன்.

"பாஸ், சைஸ் சரி. இந்த வெயிட்ட இது தாங்குமா?" என்று கேட்டாள். டயரில் அளவுக்குப் பக்கத்தில் இருக்கும் எண்ணைக் காட்டினாள். அது எவ்வளவு பாரம் தாங்கும் என்பதற்கான எண்ணாம். கடைக்காரர் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டுத் தலையைச் சொறிந்தார். "தாங்காது லா அக்கா. இதோட பக்கவாட்டு ரப்பரும் சாஃப்ட், கெரவான் ஆடும்."

டயர் அடுக்குக்குப் பின்னால் போய் நின்றேன். கையைக் கூப்பி மெதுவாகச் சொன்னேன். "முருகா, இந்த ஒரு தடவ மட்டும் கார் டயர தாங்க வச்சுடு."

செல்விக்குக் காது கூர்மை. "அவர்கிட்ட பேரம் பேசாதீங்க" என்றாள். "கொற இருந்தா காட்டுன்னு கேட்டீங்க. காட்டிட்டாரு. அதுக்குத்தான் காலைல கற்பூரம் சுத்துனீங்க."

இத்தனை வருடம் கோவிலுக்குப் போகிறேன். இதைவிடத் தெளிவாக யாரும் எனக்குப் பிரசங்கம் செய்ததில்லை. பதில் வந்திருந்தது. முருகன் மஞ்சள் மையால் எழுதிக்கூடக் கொடுத்திருந்தான். நான் அதைப் படிக்காமல் அதற்குப் பூஜை செய்துகொண்டிருந்தேன்.

சரியான டயருக்கே சொல்லிவிட்டு வந்தோம். ஸ்கேன் முந்திவிட்டது. அக்காவிடம் சொல்லும்போது அழுதுவிட்டேன். "வருஷம் பூரா ஆஸ்பத்திரில காத்திருந்தேன். ஒன் டயருக்குக் காத்திருக்க மாட்டேனா. போய் அழுவாம வேலயப் பாரு" என்றாள். ஸ்கேனுக்கு அவளோடு போனேன். அது என்ன சொன்னது என்பதை அவளே ஒரு வெள்ளிக்கிழமை வந்து சொல்வாள். அது அவளுடைய அனுபவம்.

டயர் வந்தது. பழையதைக் கழற்றும்போது வேல் இருந்த இடம் காய்ந்த அப்பளம் மாதிரிக் கிழிந்தது. உள்ளே கம்பி துருப்பிடித்திருந்தது. இரண்டையும் மாற்றினோம், உதிரி டயரையும் மாற்றினோம். காற்றடிக்கிற வால்வும் புதுசு. குத்துவிளக்கு வீட்டில் நின்றது. காலையில் டயர் சூடாவதற்கு முன்னால் காற்றை அளந்தோம். கொஞ்ச தூரம் ஓடியதும் நிறுத்தி நட்டுகளை மறுபடி முறுக்கினோம். எலுமிச்சம்பழமும் வைத்தேன். அதை ஏன் விட வேண்டும்.

இப்போது வண்டி பூஜைக்கு யார் கூப்பிட்டாலும் டார்ச் லைட்டோடு போய் முதலில் டயர் பக்கத்தில் குந்திவிடுகிறேன். சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும், என்னைவிட அதிகமாக யாரும் என்னைப் பார்த்துச் சிரித்துவிட முடியாது. உங்களுக்கும் சொல்கிறேன். முருகனை நம்புங்கள், தைரியமாகக் கேளுங்கள். ஆனால் குறையைக் காட்டு என்று கேட்டால், கேட்ட பிறகு குனிந்து பாருங்கள். நிற்கிற கெரவானுக்கு வயதாகிறது. பூவைப் பார்த்து ஏமாறாதீர்கள். பார்க்கத் தெரியாவிட்டால் தெரிந்தவரைக் கூப்பிடுங்கள். அவர் உங்கள் வீட்டிலேயே இருக்கலாம்.

நடந்தது இவ்வளவுதான். டயரில் வேல் வரவில்லை. பழைய ரப்பரின் வெடிப்பில் சந்தனம் நின்றது, என் மனைவி பார்த்தாள், டயரை மாற்றினோம். அக்கா குளிரில் உட்கார்ந்து டீ குடித்தாள், சீனி பத்தவில்லை என்றாள். இறங்கும்போது அத்தனை வளைவிலும் பிக்கப்பின் பின்சீட்டில் வாயைத் திறந்துகொண்டு தூங்கினாள்.