சீப்புச் சத்தம்

மலாக்காவின் புக்கிட் ரம்பாய் கடைவரிசையில் யுகேந்திரனின் முடிவெட்டும் கடைக்குள் இரண்டு மீன்தொட்டிகள் இருந்தன. பெரியதில் ஒரு லுவோஹான். நெற்றி புடைத்த முரட்டு மீன், கண்ணாடியில் விரல் வைத்தாலே பாய்ந்து வந்து முட்டும். சின்னதில் புதிதாக வாங்கிய டிஸ்கஸ். அப்பளம்போல் தட்டையான நீல மீன். வந்த நாளிலிருந்து அது கல்லுக்குப் பின்னால் ஒண்டிக்கொண்டு எதையும் தொடவில்லை.

"காளி, இது மக்கான் பண்ணுமா பண்ணாதா? தீபாவளிக்குள்ள திங்கலன்னா லுவோஹானுக்குப் போட்ருவேன். சும்மா நிக்கிறதுக்கா தண்ணி மாத்துறேன்?" என்றான் யுகேந்திரன்.

தண்ணீர் மாற்றுவது கடையில் வேலை செய்யும் காளிமுத்துதான்.

புதுக்கோட்டைப் பக்கத்திலிருந்து வந்து மலாக்காவில் தலைமயிர் வெட்டத் தொடங்கி அவருக்கு வெகுகாலம் ஆகிவிட்டது. முதலாளியைவிட மூத்தவர். அவன் 'நீ' என்பான். அவர் 'நீங்க, பாஸ்' என்பார். ஆண்டுதோறும் அவருடைய வேலை பெர்மிட்டைப் புதுப்பிப்பவன் அவன். வந்த புதிதில் அவர் கடையின் பின்னறையில் சுவரைப் பார்த்து உட்கார்ந்துதான் சோறு தின்பார். பக்கத்து நாற்காலியில் வேலை செய்யும் திருச்செல்வம் அதைச் சொல்லிக் கேலி செய்வதை இன்னும் விடவில்லை.

"காளிண்ணே, ஒங்க சொந்தக்காரன் வந்திருக்கான். அவனும் வெக்கப்பட்டுச் சுவத்தத்தான் பாக்குறான்."

மீன் மிரளாமலிருக்க, காளிமுத்து சின்னத் தொட்டியைச் சுற்றிப் பழைய நாளிதழை ஒட்டினார். விளக்கை அணைத்தார். காலையில் கடை திறக்குமுன், உறைந்த சிவப்புப் புழுவைக் கோப்பைத் தண்ணீரில் இளக வைத்து, தொட்டி விளிம்பில் சீப்பால் மெதுவாக இரண்டு தட்டுத் தட்டிவிட்டு, ஒரு சிட்டிகை போட்டு விலகி நிற்பார். தின்னாமல் கிடப்பதைக் குழாய் வைத்து உறிஞ்சி எடுப்பார். மீன் முதலில் புழுவை வாயில் வாங்கித் துப்பியது. பிறகு ஒன்றை விழுங்கியது. பிறகு சீப்புச் சத்தம் கேட்டதுமே வெளியே வந்தது.

இதற்கு அன்பு என்று பெயர் வைக்க வேண்டியதில்லை. பயந்ததற்காக ஓர் உயிரைக் கொல்வது முறையில்லை என்று நினைத்தார், அவ்வளவுதான்.

நாளிதழைப் பிரித்த அன்று யுகேந்திரனுக்கு ஒரே சந்தோஷம். "அட, தைரியம் வந்துருச்சே! அப்புறம் எதுக்கு இதுக்குத் தனித் தொட்டி?"

"பாஸ், பெரிசு இதக் கடிச்சிரும்."

"பாத்துக்கலாம் லா."

வலையில் அள்ளிப் பெரிய தொட்டியில் விட்டான்.

அங்கே வடிகட்டிக் குழாய்க்குப் பின்னால், லுவோஹானின் தலை நுழையாத ஓர் இடுக்கு இருந்தது. டிஸ்கஸ் அதில் புகுந்துகொண்டது. அங்கேயே கிடந்திருந்தால் பிழைத்திருக்கும். ஆனால் முடிவெட்டுகிறவன் ஒவ்வொரு தலைக்கும் பத்துத் தடவையாவது சீப்பைத் தட்டி மயிரை உதிர்ப்பான். திருச்செல்வம் நாற்காலிக் கையில் தட்டினான். மீன் வெளியே வந்தது. வாலில் பாதி போனது. மறுபடி தட்டினான், ஒரு பக்கத் துடுப்பு கிழிந்தது. அதன்பின் அவன் தட்டினால் அது வரவில்லை. மெதுவாக இரண்டு தட்டு விழுந்தால் மட்டும் மூக்கை நீட்டியது.

காளிமுத்து சீப்பைத் தட்டுவதை விட்டார். கால்சட்டையில் துடைத்தார். திருச்செல்வம் சிரித்தான்.

சனிக்கிழமை கடை நிறைய ஆட்கள். செர்காம் ஊர் லாரிக்காரர் தம்புசாமி காளிமுத்துவின் நாற்காலியில் இருந்தார். "யுகா, கூப்ட்டா வர்ற மீனு இருக்காமே?"

"இருக்கு, அங்கிள். இவன் தட்டுனாத்தான் வரும். காளி, தட்டு."

"வேணாம், பாஸ். செத்துரும்."

"அடுத்த மாசம் பெர்மிட்டு வருதுல்ல? தட்டு லா." யுகேந்திரன் வேடிக்கையாகத்தான் சொன்னான். எல்லாரும் சிரித்தார்கள்.

காளிமுத்து தொட்டியருகே போனார். சத்தமாகத் தட்டியிருக்கலாம், மீன் வந்திருக்காது. ஆனால் அவன் மறுபடி தட்டச் சொல்வான் என்பது அவருக்குத் தெரியும். எப்போதும்போல மெதுவாக இரண்டு தட்டுத் தட்டினார்.

மீன் கிழிந்த துடுப்போடு அவர் நின்ற பக்கமாக வந்து, புழுவுக்காக வாயைத் திறந்தது.

"அம்மாடி, ஒரே கடி!" என்றார் தம்புசாமி.

காளிமுத்து திரும்பி வந்து அவருடைய மீதி கிருதாவை வழித்தார். இரண்டு பக்கமும் சமமாக இருந்தது.