கையில் எடுத்துப்போன சப்பாத்து

பத்துமலைக்குப் போக அப்பா ஒரே ஒரு நிபந்தனை போட்டார். "சப்பாத்து போட்டுக்கிட்டுப் படி ஏறக்கூடாது. கோயில் மலை."

இது கோயில் பயணமில்லை, பூகோள ஆசிரியை எங்கள் வகுப்பை அங்குள்ள இருட்டுக் குகைக்குக் கூட்டிப்போகிறார் என்று சொல்லியிருந்தேன். சிங்கப்பூர் தேக்காவில் மாவு மில்லில் வேலை பார்த்த அப்பாவுக்குக் கோயிலும் குகையும் ஒரே மலைதான். சொன்னதை மீறினால் அடுத்த பயணம் கிடையாது. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அடுத்த பயணங்கள் எனக்கு வேண்டியிருந்தன.

ரயிலில் கோலாலம்பூர் போய், அங்கிருந்து பஸ் பிடித்தோம். அடிவாரத்தில் மற்றவர்கள் சப்பாத்துக் கயிற்றை இறுக்கிக் கட்டினார்கள். நான் அவிழ்த்து, பக்தர்களின் செருப்புகளோடு வைத்துவிட்டு ஏறினேன்.

குகைக்கான வழி, கோயில் படிக்கட்டின் நடுவில் பக்கவாட்டில் பிரிகிறது. வழிகாட்டியான சீன இளைஞர் அங்கே கார்பைட் விளக்குகளை ஏற்றிக்கொண்டிருந்தார். வெறுங்காலோடு உள்ளே விட முடியாது என்றார். தரையெல்லாம் வௌவால் எச்சம், பூச்சி, கூரான கல். வேண்டுமானால் வெளியே உட்கார்ந்திருக்கலாம் என்றார், மரியாதையாகத்தான்.

வகுப்பிலிருந்த இன்னொரு தமிழ்ப் பெண், மாதா கோயிலுக்குப் போகிறவள், என் காலைப் பார்த்தாள்.

"நீ சாமி கும்பிட வந்தியா, பாடம் படிக்க வந்தியா?"

"ரெண்டுக்கும்தான்" என்றேன்.

சப்பாத்து அடிவாரத்தில் இருக்கிறது என்றதும், விளக்கு ஏற்றி முடியும்வரை காத்திருப்பதாக வழிகாட்டி சொன்னார். கீழே ஓடினேன். சப்பாத்தைக் கையில் எடுத்துக்கொண்டு வெறுங்காலோடு மறுபடி ஏறி, குகை வாசலில் உட்கார்ந்து போட்டுக்கொண்டேன். கடைசி விளக்கு எனக்கு வந்தது.

வெகுதூரம் உள்ளே போனதும் எல்லா விளக்குகளையும் அணைக்கச் சொன்னார் வழிகாட்டி. முகத்துக்கு நேரே பிடித்த கை தெரியவில்லை. மேலே வௌவால்களின் சத்தம். யாரோ சிரிக்க ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார்கள்.

வீட்டில் அப்பா, கறுத்துப்போயிருந்த வெள்ளைச் சப்பாத்தைத் திருப்பிப் பார்த்தார்.

"போட்டுக்கிட்டா ஏறின?"

"கையிலதான்ப்பா எடுத்துட்டுப் போனேன். குகைக்கிட்ட போயித்தான் போட்டேன்."

சப்பாத்தைக் கீழே வைத்தார். பிறகு, உள்ளே என்னதான் இருந்தது என்று கேட்டார். நான் படிப்பதைப் பற்றி அவர் கேட்ட முதல் கேள்வி அது. சுண்ணாம்புப் பாறையை மழைநீர் எப்படிக் கரைக்கிறது என்று தொடங்கினேன். பாதியில் எழுந்து சப்பாத்தைக் குழாயடிக்குக் கொண்டுபோனார்.

"நீ சொல்லு, கேக்குது. இது அடுத்த தடவைக்குள்ள காயணும்ல."