பவளத்தடியில் இன்னொன்று

வேலை மாற்றலாகி ஜெர்மனிக்குப் போனபோது, மகள் தன் கடல்நீர்த் தொட்டியைப் பெருங்களத்தூரில் எங்கள் வீட்டுக் கூடத்தில் விட்டுச் சென்றாள். நாவலூர் அலுவலகத்துக்குப் போய்வந்த ஆண்டுகளில் அவள் பொறுமையாக உருவாக்கியது. இரண்டு கோமாளி மீன்கள், சில கற்கள், ஒரு பச்சைப் பவளம். கல்லாய் இறுகிய தண்டின் உச்சியில், நீரோட்டத்தில் அசையும் விரல்கள் கொண்டது அந்தப் பவளம். சுண்டுவிரல் அளவில் வாங்கி உள்ளங்கை அளவுக்கு வளர்த்திருந்தாள். ஞாயிற்றுக்கிழமை கைப்பேசியில் முகம் தெரிந்ததும், "அப்பா எப்படி இருக்கார்?" என்பதற்கு முன்னால், "பச்சை விரிஞ்சிருக்காம்மா?" என்றுதான் கேட்பாள். விடுப்பில் அவள் வரும்வரை அதை உயிரோடு வைத்திருக்க வேண்டும். எனக்கு இருந்த வேலை அது ஒன்றுதான்.

தாம்பரத்துக் கடையில் வாங்கிய புதுக்கல் ஒன்றின் இடுக்கில், ஒரு காலையில் கண்ணாடிபோன்ற சிறு பூ தெரிந்தது. அழைக்காமல் வந்த உயிர் என்றாலும், வந்த பிறகு பட்டினி போட மனம் வரவில்லை. மீனுக்கு இடும் உணவில் ஒரு துளியைக் குழாயால் அதன் வாயருகே விட்டேன். இதழ்களை மூடி வாங்கிக்கொண்டது. சில வாரங்களில் அதுபோல் பல முளைத்தன. எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. அதே நாட்களில் பச்சை ஏன் சுருங்கத் தொடங்கியது என்பது மட்டும் விளங்கவில்லை.

கடைக்காரரிடம் படத்தைக் காட்டினேன்.

"இன்னாக்கா, இதுக்குப் போய் சோறு போட்டுனு கீறீங்க? இது பூ இல்லக்கா, பேஜார் புடிச்ச ஜென்மம். பக்கத்துல கீற பவளத்தையெல்லாம் கொட்டிக் கொட்டியே சாவடிச்சிடும்."

"பிடுங்கிப் போட்டுடலாமா?"

"ஐயோ, கைய வெச்சிடாதீங்க! பிஞ்சு வுயுற துண்டெல்லாம் தனித்தனியா மொளைக்கும். இந்த எறால வுடுங்க, துன்னுடும்."

அவர் தந்த வரியிட்ட இறால் கல்லுக்கடியில் குடிபுகுந்தது. மீன் உணவு விழும் நேரத்துக்குத் தவறாமல் வெளியே வந்தது. பூக்களின் பக்கம் திரும்பவே இல்லை.

"உன் கைப்பக்குவம் அப்படி," என்றார் கணவர். "சாப்பாடு கிடைக்கற வீட்டுல எவன் வேலை செய்வான்?"

ஞாயிறன்று மகளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கால்சியம் ஹைட்ராக்சைடைக் குழைத்து ஒவ்வொன்றின்மீதும் மூடவேண்டும் என்றாள். எங்கே கிடைக்கும் என்று கேட்க வாயெடுத்தபோது, பள்ளியில் படித்த வேதியியல் நினைவுக்கு வந்தது. அது சுண்ணாம்பு. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு கணவர் வெற்றிலையில் தடவுவதும் அதுதான்.

"என் டப்பாவைத் தொட்டுடாத," என்றார் அவர்.

"அப்பாவோடது வேணாம்மா, அதுல வாசனை கலந்திருக்கும். எதுவும் சேர்க்காத வெள்ளைச் சுண்ணாம்பா வாங்கு. கொஞ்சம் கொஞ்சமா போடு, மீனுக்கு ஆகாது."

தொட்டியின் மோட்டாரை நிறுத்தி, ஊசியில்லாத சிரிஞ்சில் குழைத்த சுண்ணாம்பை ஏற்றினேன். சோறூட்டிய அதே வாய்களின்மேல் ஒவ்வொன்றாக வைத்தேன். வெள்ளைக் களிம்பின் கீழ் அவை அடங்கின. நான் செய்வது வைத்தியமா, கொலையா என்று கை நடுவே தயங்கியது. ஆனாலும் தவணை தவணையாக எல்லாவற்றையும் மூடிவிட்டேன் என்றே நினைத்தேன்.

அப்போதுதான் பச்சையின் கல்தண்டடியில் இன்னொன்றைக் கண்டேன். மிளகளவு. மெல்லிய இதழ்கள், பழுப்பும் பச்சையுமான நிறம். பூவென்று நான் சோறூட்டிய அந்தப் பூச்சியின் குஞ்சாகவும் இருக்கலாம். தாய்த்தண்டிலிருந்து பவளமே விட்ட தளிராகவும் இருக்கலாம், அப்படித் தளிர்ப்பதுண்டு என்று படித்திருந்தேன். பூச்சியானால் விட்டுவைத்த ஒவ்வொரு நாளும் பச்சையைக் கொட்டும். தளிரானால் என் சுண்ணாம்பு அதை எரித்து, தாயின்மேலும் வழியும்.

கணவர் பூதக்கண்ணாடியுடன் குனிந்து நெடுநேரம் பார்த்தார். "எனக்கு எல்லாம் ஒண்ணாத்தான் தெரியுது."

தொட்டால் பூச்சி சட்டென்று உள்ளிழுத்துக்கொள்ளும், பவளம் மெதுவாகச் சுருங்கும் என்று கடைக்காரர் சொல்லியிருந்தார். சிரிஞ்சின் முனையால் தொட்டேன். சுருங்கியது. அது சட்டென்றா, மெதுவாகவா? எனக்குச் சொல்லத் தெரியவில்லை. மறுநாள் தொட்டபோதும் தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மோட்டாரை நிறுத்திவிட்டு, கைப்பேசியைக் கண்ணாடியோடு ஒட்டிப் பிடித்தேன்.

"வெளிச்சம் அடிக்குதும்மா. கொஞ்சம் கீழ... இன்னும் கிட்ட..."

அவள் முகம் திரையை நெருங்கி வந்தது. சுண்ணாம்பு ஏற்றிய சிரிஞ்சு என் மறுகையில் இருந்தது. பச்சை அன்று ஒரு பக்கம் மட்டும் விரிந்திருந்தது. அந்தச் சின்னது இருந்த பக்கம். நீண்ட விரலொன்று அதன்மேல் படுவதும் விலகுவதுமாக இருந்தது.

"சண்டை போடுதா, தடவிக் கொடுக்குதா?" என்று கேட்டேன்.

இந்தத் தொட்டியைப் பற்றி நான் கேட்ட எதற்கும் அவள் பதில் தெரியாமல் நின்றதில்லை.

"தெரியலம்மா," என்றாள். "நிஜமாவே தெரியல. நீ தினமும் பாக்கற. உனக்கு என்ன தோணுது?"

பச்சை அந்தப் பக்கம் விரிந்திருந்தது, அவ்வளவுதான் தெரிந்தது. சிரிஞ்சைக் கழுவுதொட்டியில் காலி செய்துவிட்டு, மோட்டாரை மறுபடி ஓடவிட்டேன்.