நிறுத்த இடமுள்ள பாதை

பேத்திக்குச் சிலாபத்தில் காது குத்துகிறோம் என்று மகள் போனில் சொன்னதும், எனக்குச் சந்தோஷத்துக்கு முன்னால் கவலைதான் வந்தது. எங்களுக்கு ஆண் பிள்ளை இல்லை. தாய்மாமன் இல்லாத குழந்தையைத் தாத்தாதான் மடியில் வைத்துக்கொள்ள வேண்டும் என்று சம்பந்தியம்மா முடிவாகச் சொல்லிவிட்டார். ஆகவே நான் போயே ஆக வேண்டும். ஓப்பநாயக்கவுக்கு மேலே இருக்கும் எங்கள் தோட்டத்திலிருந்து சிலாபம் ஏறக்குறைய இருநூறு கிலோமீட்டர். எனக்கோ நாற்பது நிமிடத்துக்கு ஒரு தடவை ஒன்றுக்குப் போயாக வேண்டும்.

இது என் மனைவிக்கும் டாக்டருக்கும் மட்டும் தெரிந்த சங்கதி. டாக்டர், "வயசானா வர்றதுதான்" என்று சிரித்துக்கொண்டே மாத்திரை எழுதினார். மாத்திரை சாப்பிட்டபின் நாற்பது நாற்பத்தைந்து ஆனது. தோட்டத்து ஆபீசில் ஆட்களின் வேலைநாளை எண்ணியே காலத்தை ஓட்டியவன் நான். எண்ணாமல் இருக்க எனக்குத் தெரியாது.

வேன் ஓட்டுகிறவர் பலாங்கொடைப் பக்கத்துச் சிங்களவர். சரளமாகத் தமிழ் பேசுவார்.

"ஐயா, அவிசாவளையிலருந்து கடுவெல போய் ஹைவேல ஏறுவோம். கட்டுநாயக்கவில எறங்குனா நீர்கொழும்பு, அப்புறம் சிலாபம். லேசுதானே."

"கடுவெல வரைக்கும் கொழும்பு ட்ராஃபிக். நீர்கொழும்புல மறுபடியும் ட்ராஃபிக். அந்தப் புகை எனக்கு ஒத்துக்காது."

"ஏசி போடுறேன் ஐயா."

"ஏசியும் ஒத்துக்காது."

உண்மை வேறு. நெரிசலில் முன்னால் ஒரு லொறி, பின்னால் ஒரு பஸ் என்று மாட்டிக்கொண்டால் நான் எங்கே இறங்குவது? ஹைவேயிலோ ஏறினால் இறங்கும் வரை நிறுத்த முடியாது. எல்லோரும் சீக்கிரம் போகும் பாதையைத் தேடினார்கள். நான் நிறுத்த இடமுள்ள பாதையைத் தேடினேன். அவிசாவளையில் வலப்பக்கம் திரும்பி ருவன்வெல, வரகாபொல, கிரியுல்ல, குளியாப்பிட்டிய, மாதம்பை வழியாகச் சிலாபம் போய்ச் சேரலாம். பெரிய பட்டணம் ஒன்றும் இல்லை. எந்த ஊரில் பஸ் ஸ்டாண்ட், எங்கே பெட்ரோல் ஷெட், எந்தத் தேத்தண்ணிக் கடைக்குப் பின்னால் கொல்லை இருக்கிறது என்று போனில் ஆள் ஆளாக விசாரித்து மனதில் பதித்துக்கொண்டேன்.

எல்லாம் சரியாக அமைந்த பிறகு, சம்பந்தியம்மாவும் எங்களோடு அதே வேனில் வருவதாகச் சொல்லி அனுப்பினார். புருஷன் காலமான பின்னும் றக்வான கடைத்தெருவில் பலசரக்குக் கடையைத் தனியாக நடத்துகிறவர். கடைக்குள் பேசினால் ரோட்டுக்குக் கேட்கும். அவர் முன்னால் என் வேட்டி நனைந்தால், அப்புறம் நான் எந்த முகத்தோடு மகள் வீட்டுப் படி ஏறுவது?

முதல் நாள் மாலையே வந்து எங்கள் வீட்டில் தங்கினார். காலையில் டீக்கு மூன்று கரண்டி சீனி போட்டுக் குடித்துவிட்டு வேனின் முன் சீட்டில் ஏறி உட்கார்ந்தார். இரத்தினபுரி பஸ் ஸ்டாண்டைக் காட்டி நான் எப்படி ஆரம்பிப்பது என்று தொண்டையைக் கனைத்தபோது, முன்னாலிருந்து குரல் வந்தது.

"தம்பி, நிறுத்துங்க. எனக்கு அவசரம். சீனி வருத்தக்காரி நான், அடக்க ஏலாது."

நான் ஒன்றும் தெரியாதவன்போல வெளியே பார்த்தேன்.

"என்னண்ணே, கல்லு மாதிரி உக்காந்திருக்கீங்க? எறங்கிப் போய்ட்டு வாங்க. பொறவு நடுவுல கேட்டா நிறுத்த விட மாட்டேன்."

"நீங்க சொல்றதால போறேன்" என்று இறங்கினேன். அவிசாவளை, ருவன்வெல, வரகாபொல, கிரியுல்ல என்று எல்லா ஊரிலும் இதே கதை. ஒரு மனுஷிக்குச் சர்க்கரை வியாதி இருப்பதற்காகக் கடவுளுக்கு நன்றி சொன்னேன். பாவம் என்று தெரிந்துதான் சொன்னேன்.

குளியாப்பிட்டிய தாண்டியதும் என் திட்டத்தில் இல்லாத ஒன்று வந்தது. ரோட்டில் பாதியைத் தோண்டிப் போட்டிருந்தார்கள். கொழும்பு ட்ராஃபிக்குக்குப் பயந்து வந்தவன் தென்னந்தோப்புக்கு நடுவே ட்ராஃபிக்கில் மாட்டிக்கொண்டேன். காலோடு கால் பின்னிக்கொண்டு தென்னை மரங்களை எண்ணினேன். எண்பதுக்கு மேல் எண்ணிக்கை ஓடவில்லை. நெற்றியில் வேர்த்தது. மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

சம்பந்தியம்மா கதவைத் திறந்து இறங்கினார். ரோட்டோரத்து வீட்டு முற்றத்தில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த பெண்ணிடம் நேரே போய், "நங்கி, டொய்லட் எக்க பாவிச்சி கரன்ன புளுவன்த?" என்று, தங்கச்சி வீட்டு டொய்லட்டுக்குப் போகலாமா என்பதைச் சிங்களத்தில் கேட்டார். நாங்கள் யார், எவர் என்று அந்தப் பெண் ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஈரத்துணியைத் தோளில் போட்டுக்கொண்டு பின்பக்கம் கையைக் காட்டினாள்.

"அண்ணே! நீங்க மொதல்ல போங்க. நான் இந்தப் புள்ளைகூடக் கொஞ்சம் பேசிட்டு வர்றேன்."

போனேன். அந்த வீட்டாரை நினைத்தால் இன்றைக்கும் என் கை தானாகக் கூப்பிக்கொள்கிறது. திரும்பி வந்தபோது சம்பந்தியம்மா படியில் உட்கார்ந்து, அவர்கள் கொடுத்த இளநீரைக் குடித்துக்கொண்டிருந்தார்.

"நீங்க போகலையா?"

"எனக்கு வந்த அவசரம் அப்படியே போயிருச்சுண்ணே" என்று வேனில் ஏறிக்கொண்டார்.

அன்று மாலை மகள் வீட்டில் மனைவியிடம், "பாவம், சம்பந்தியம்மாவுக்குச் சீனி வருத்தம் கூடிப்போச்சு போல" என்றேன்.

"அவங்களுக்கு ஏது சீனி வருத்தம்? காலையில டீக்கு மூணு கரண்டி போட்டுக் குடிச்சாங்க. எண்ணுன மனுசன் நீங்கதானே? நிறுத்துன எடத்துல எல்லாம் கால மட்டும் கழுவிட்டு எனக்காக வெளிய நின்னாங்க."

"நீ சொல்லிட்டியா?"

"நான் ஏன் சொல்றேன்? அவங்க வீட்டுக்காரருக்கும் இதே தொந்தரவு இருந்துச்சாம். நேத்து ராத்திரி நீங்க எழும்பி எழும்பிப் போனதப் பாத்ததும் வெளங்கிருச்சுன்னாங்க. நம்ம மக கல்யாணத்துல மாப்பிள்ளையோட அப்பா மண்டபத்துக்கே வரலையே, ஞாபகம் இல்லையா?"

இருந்தது. உடம்பு சரியில்லை என்று மட்டும் சொன்னார்கள். பெற்ற மகன் தாலி கட்டுவதைப் பார்க்காமல் அந்த மனிதர் றக்வானவில் வீட்டுக்குள் தனியாக இருந்திருக்கிறார். அவருக்காக நிறுத்தச் சொல்லக் குரல் இருந்தும், அவர் வாய் திறந்து சொல்லாததால் அந்த அம்மாவால் அன்றைக்கு ஒன்றும் செய்ய முடியாமல் போயிருக்கும்.

மறுநாள் கோயிலில் பேத்தியை மடியில் வைத்துக்கொண்டேன். பட்டுப்பாவாடைக்குள் துருத்துகிறது என்று மகள் பெம்பர்ஸைக் கழற்றியிருந்தாள். ஆசாரி ஒரு காதில் ஊசியை ஏற்றினதும் பிள்ளை வீறிட்டது. அதே நொடியில் என் மடி சூடாக நனைந்தது. இருநூறு கிலோமீட்டர் காப்பாற்றிக் கொண்டுவந்த வேட்டி, அத்தனை பேர் முன்னால்!

"அசையாதீங்கண்ணே, இன்னொரு காது இருக்கு" என்றார் சம்பந்தியம்மா. "இவளப் பாருங்க. ரோடும் கேக்கல, எடமும் கேக்கல. குடுத்து வச்சவ!"

எல்லோரும் சிரித்தார்கள். நான்தான் அதிகம் சிரித்தேன்.

திரும்பும்போது டிரைவர், "ஹைவேயா ஐயா?" என்று கேட்டார். வந்த வழியே போகச் சொன்னேன். குளியாப்பிட்டியவுக்கு முன்னால் அந்த வீட்டுக்குக் கோயில் பொங்கலும் வாழைப்பழமும் கொடுக்க வேண்டியிருந்தது. வீடு கண்ணில் பட்டதும் நானே குரல் கொடுத்தேன்.

"தம்பி, நிறுத்துங்க. எனக்கு அவசரம்."

முன் சீட்டில் சம்பந்தியம்மா திரும்பிப் பார்க்கவில்லை.

"அப்ப நான் எறங்கலண்ணே. நீங்களே கேட்டுட்டுப் போங்க" என்றார்.